நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் தொடங்கியபோது ஜெஸீமா குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணச் சோனகத்தெருவில் பெண்கள் ஜும்ஆவுக்குப் போவதில்லை. ஒலிபெருக்கி வழியாகப் பள்ளிவாசல்தான் ஒவ்வொரு குசினிக்குள்ளும் வந்து போகும். யாராவது இறந்தால் மையத்து அறிவித்தல், தண்ணீர் வெட்டு, காணாமற்போன அடையாள அட்டை எல்லாம் அதில்தான் வரும். அவள் அதற்குப் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. "எமது சகோதரிகள் நூற்றுப் பன்னிரண்டு பேர்" என்று கேட்டதும்தான் கை நின்றது.

முஸ்லிம் விவாகச் சட்டம் இப்போது இருக்கிறபடியே தங்களுக்குப் போதும், வெளியாரின் தூண்டுதலால் கேட்கப்படும் மாற்றங்கள் எதுவும் வேண்டாம் என்று இந்தத் தெருவின் பெண்கள் தாங்களாகவே கையெழுத்திட்டுக் கொழும்பில் சட்டத் திருத்தத்தை ஆராயும் குழுவுக்கு மனு அனுப்பியிருக்கிறார்களாம். மனுவை ஒழுங்குசெய்த ஹில்மி சேருக்கு நன்றியாம். அவரை இன்று தொடக்கம் நிர்வாக சபையில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்களாம். முதலாவது கையெழுத்து சகோதரி ஜெஸீமாவினுடையது என்று சொல்லி, அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக என்றும் ஒலிபெருக்கி முடித்தது.

வேறு ஜெஸீமாவாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அந்தத் தெருவில் வேறு ஜெஸீமா இல்லை.

ஹில்மி சேர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த நானா. ஒரே வயிற்றில் பிறந்த மூத்தவர்.

இந்த நாட்டில் ஒரு முஸ்லிம் பெண்ணின் கலியாணப் பதிவில் அவள் கையெழுத்து வைக்க இடம் கிடையாது. மாப்பிள்ளை வைப்பார். பெண்ணின் பொறுப்பாளராக நிற்கும் வலீ வைப்பார், அது வாப்பாவாகவோ நானாவாகவோ இருக்கும். சாட்சிகள் வைப்பார்கள், பதிவாளர் வைப்பார். கலியாண விருந்தின் சஹன் சோற்றுக்கு வந்தவர்களையும் கலியாணப் பெண்ணையும் தவிர எல்லாரும் வைத்துவிடுவார்கள். ஜெஸீமாவும் அவளோடு சேர்ந்த பெண்களும் கேட்டது பெரிய காரியமொன்றுமில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகட்டும், அவளே கையெழுத்து வைக்கட்டும், காதி நீதவானாகப் பெண்களும் இருக்கட்டும். மூன்றே மூன்று வரி. குர்ஆனில் இதற்கு எங்கே தடை இருக்கிறது என்று கேட்டால், கேட்டவளின் முக்காட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

அந்த மூன்று வரிக்காக அவள் எட்டு மாதம் அலைந்தாள். அலைந்தாள் என்பதைவிட அளவெடுத்தாள் என்றால் சரியாக இருக்கும். அவளுக்குத் தொழில் தையல். வீட்டின் பின்னறையில் அபாயாவுக்கும் சட்டைக்கும் அளவெடுப்பாள். அந்த அறைக்குள் எந்த ஆம்பிளையும் காலடி வைக்க மாட்டான். தோளுக்கும் இடுப்புக்கும் நாடா பிடித்தபடியே கதை கேட்பாள். பதினைந்து வயதில் கலியாணம் முடித்தவள், கடிதத்தில் தலாக் வந்தவள், காதியின் முன்னால் வாய் திறக்க விடப்படாதவள் என்று ஒவ்வொருத்தியும் நாடாவுக்குள் நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள். பிறகு ஜெஸீமா தாளை நீட்டுவாள்.

அந்தத் தாளில்தான் வினை இருந்தது. தலைப்பில் ஒன்றும் எழுதப்படவில்லை. இலக்கம், பெயர், கையெழுத்து என்று மூன்று கோடு மட்டும். கேட்கிற மூன்று விசயத்தையும் மேலே எழுதினால், எந்தப் புருசனாவது மாமியாவது எட்டிப் பார்த்துவிட்டால் கதை கந்தல். வெறும் தாள் என்றால் பெருநாள் உடுப்புக்குக் குடுத்த ஆக்களின் பட்டியல் என்று சொல்லித் தப்பலாம். விசயம் என்ன என்பதை ஜெஸீமா வாயால் சொன்னாள், அவர்கள் கையால் வைத்தார்கள். தன்னுடைய இந்தக் கெட்டித்தனத்தை அவளே நானாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியும் இருந்தாள். அவரும் சிரித்தார்.

அந்தத் தாள்களையும், மூன்று கோரிக்கையையும் எழுதிய தனிக் கடிதத்தையும் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி நானாவிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது? பெண்களுக்காகக் குரல் கொடுக்கும் சமத்துவ வட்டத்தின் செயலாளரே அவர்தான். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரும் தமிழ் இயக்கத்தால் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது பத்து வயது ஜெஸீமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். புத்தளம் முகாமில் வாப்பா மௌத்தாகிவிட, தொண்ணூற்றாறில் பதினாறு வயது ஜெஸீமாவுக்கு வலீயாக நின்று கையெழுத்து வைத்தவரும் அவரே. ஆறு வருசத்தில் அந்த மாப்பிள்ளை தலாக் சொல்லிவிட்டுப் போனான். ஊர் திரும்பிய பிறகு ஒரு கூட்டத்தில் நானா எழுந்து, "என்ரை தங்கச்சியிட்டை ஒரு வார்த்தை கேக்காமல் இந்தக் கையாலைதான் வைச்சன்" என்று வலக்கையைத் தூக்கிக் காட்டி அழுதார். மண்டபமே அழுதது. அதன்பிறகு அந்தக் கையை அவர் எத்தனையோ மேடைகளில் தூக்கினார். கோப்பாயில், கிளிநொச்சியில், கொழும்பில், ஒருமுறை காத்மண்டுவில். முற்போக்கு முஸ்லிம் ஒருவர் வேண்டும் என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் ஹில்மி சேருக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். ஜெஸீமாவுக்கு அதில் ஒரு பெருமை. தன்னுடைய கெட்டுப்போன கலியாணத்திலிருந்து ஒரு நல்ல மனிசன் உருவானாரே என்று நினைத்துக்கொள்வாள்.

கணவாயை அப்படியே சட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, அபாயாவை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

நானா முன் அறையில் ஜும்ஆவுக்குப் போட்ட வெள்ளை ஜுப்பாவோடு இருந்தார். வாழ்த்துச் சொல்ல வந்த இரண்டு பேர் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஜெஸீமாவுக்கும் சலாம் சொல்லி, நல்ல காரியம் செய்தீர்கள் என்றார்கள். அவள் அவர்கள் போகும்வரை நின்றாள்.

"நான் தந்த கடிதம் எங்கை நானா?"

"இருக்குது. அதைக் கிழிக்கேல்லை."

கிழிக்கவில்லையாம். அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. கிழித்திருந்தால்கூட ஒரு ஆத்திரத்தில் செய்தார் என்று வைக்கலாம். இவர் ஆற அமர இருந்து, ஒரு கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு கடிதத்தை எழுதி, அதன்பின்னால் அவளுடைய தாள்களைக் குத்தி இணைத்து அனுப்பியிருக்கிறார்.

நானா குரலை உயர்த்தவில்லை. மேடையில் கதைப்பது போலவே அமைதியாக விளங்கப்படுத்தினார். திரும்பி வந்த சனத்தில் பாதிக்கு இன்னும் சொந்தக் கூரை இல்லை. காணிப் பிரச்சினைக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும் நிர்வாக சபைதான் எல்லாரோடும் கதைக்கிறது. இந்த நேரத்தில் அவர்களைப் பகைத்தால் ஊர் இரண்டுபடும். இரண்டுபட்டால் எங்களை ஒரு கணக்கிலும் எடுக்க மாட்டார்கள். சபைக்குள் ஆளாக இருந்தால்தான் மெல்ல மெல்ல மாற்றலாம். இந்தக் கடிதம் அதற்கு அவர்கள் கேட்ட விலை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "முதலிலை நாங்கள் முஸ்லிமா இஞ்சை உரிமையோடை இருப்பம். பொம்பிளையளின்ரை உரிமையைப் பிறகு பாப்பம்" என்றார்.

"முகாமிலையும் பிறகு எண்டனீங்க. திரும்பி வந்தும் பிறகு எண்டீங்க. முப்பத்தைஞ்சு வருசமாச்சு நானா."

"உனக்கு அரசியல் விளங்காது."

"என்ரை கையெழுத்தைக் கொண்டுபோய் எனக்கெதிரா வைச்சிருக்கிறீங்க. அது விளங்குது."

அவர் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒரு கணக்கு இருந்தது.

"அப்ப கொழும்புக்கு எழுது. எழுதேக்கை, வெறுந்தாளிலை நூற்றுப் பன்னிரண்டு பேரிட்டைக் கையெழுத்து வாங்கினது ஆர் எண்டும் சேர்த்து எழுது. பிறகு உன்ரை எந்தத் தாளை ஆர் நம்புறது?"

நானாவின் மனைவி, மச்சி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மச்சியின் பெயரும் பட்டியலில் இருந்தது, இருபத்துமூன்றாவது. அவள் ஜெஸீமாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். ஜெஸீமா தேத்தண்ணியைத் தொடவில்லை. தோளில் சுமந்தவன் கழுத்தை அறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சலாம்கூடச் சொல்லாமல் வெளியே வந்தாள்.

வீட்டு வாசலில் மர்ளியா காத்துக்கொண்டு நின்றாள். பட்டியலில் இரண்டாவது கையெழுத்து அவளுடையது. பழைய இரும்பு வியாபாரம் செய்யும் றிபாயின் மனைவி. மூத்த மகள் ஹஸ்னாவுக்குப் பதினாறு வயது, அடுத்த வருசம் சாதாரணதரப் பரீட்சை. றிபாய் புத்தளத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தான். மர்ளியா நான்கு மாதமாக அதை இழுத்தடித்துக்கொண்டு இருந்தாள். சட்டம் மாறப்போகுது, பதினெட்டு வேணுமாம், தெருப் பொம்பிளையள் எல்லாம் கேட்கிறார்கள், அவசரப்பட்டால் நாளைக்கு வழக்காகிவிடும் என்று நாளுக்கொரு கதை சொல்லி மனிசனைப் பயப்படுத்தி வைத்திருந்தாள். அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

இன்றைக்கு றிபாய் ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் அவள் பெயரையும் பார்த்துவிட்டு, ஒரு கிலோ முந்திரிகைப்பழத்தோடு வந்தானாம். பதினெட்டு வருசத்தில் முதல் தடவையாகப் பெண்சாதியைப் புகழ்ந்தானாம். நீ வாயாலை ஒண்டு சொன்னாலும் மனசிலை நல்லவள்தான், நீயே கையெழுத்து வைச்சிருக்கிறாய், இனி என்ன தடை என்று கேட்டுவிட்டு, அங்கேயே நின்று புத்தளத்துக்குத் தொலைபேசி எடுத்து அடுத்த மாதத்துக்கு நிக்காஹ்வை நிச்சயித்துவிட்டானாம்.

ஜெஸீமா நடந்ததைச் சொன்னாள். நானா கடிதத்தை மாற்றியதைச் சொன்னாள். மர்ளியா நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கதானே ராத்தா தாளைக் கொண்டுபோய்க் குடுத்தனீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையிலேயே ஜெஸீமா கோப்பாய்க்கு பஸ் ஏறினாள். அங்கே துஷாந்தினி இருந்தாள். ஒரு தமிழ்ப் பெண்கள் அமைப்பில் வேலை. ஜெஸீமாவின் கடிதத்தைக் கணினியில் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். கடிதத்தையும் கையெழுத்துத் தாள்களையும் சேர்த்தே குத்திவிடுவோம் என்று அன்றைக்கே சொன்னாள். வழியில் யாராவது பார்த்தால் பெண்களுக்குக் கஷ்டம் என்று மறித்தது ஜெஸீமா. துஷாந்தினி அதை இப்போது ஞாபகப்படுத்தவில்லை. அது அவளுடைய நல்ல குணம்.

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முழுவதையும் கேட்டாள். பழைய கடிதம் கணினியில் பத்திரமாக இருந்தது. புதிதாக ஒரு கடிதமும், நடந்ததைச் சொல்லி ஒரு சத்தியக் கடதாசியும் அனுப்பலாம் என்றாள். ஆனால் சத்தியக் கடதாசி என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெறுந்தாள் கதையையும்.

"உங்கடை பேர் போகும் அக்கா. இனி ஒரு இடத்திலையும் கையெழுத்து வாங்கேலாமல் போகும்."

"போகட்டும். உங்கடை அமைப்பும் சேர்ந்து ஒரு கடிதம் தருமோ?"

 துஷாந்தினி தோய்த்த உடுப்பு வாளியைப் பார்த்தாள். ஜெஸீமா இரவு தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னதை வைத்துக் காலையிலேயே அமைப்பின் தலைவியோடு கதைத்தாளாம். இது முஸ்லிம் ஆக்களின் உள்வீட்டு விசயம், நாங்கள் தலையிட்டால் பிழையாகப் பார்ப்பார்கள், தொண்ணூறுக்குப் பிறகு நாங்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும் என்று தலைவி சொல்லிவிட்டாவாம். ஜெஸீமாவுக்குச் சிரிப்பு வந்தது. ஹில்மி சேரைக் கூப்பிட்டுக் கை தூக்க வைத்து மாலை போட்டபோது அது உள்வீட்டு விசயமாக இருக்கவில்லை. துரத்தியபோது யாரும் கவனமாக இருக்கவுமில்லை. இப்போது கவனம் வந்துவிட்டது. அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. துஷாந்தினியின் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது, அவளைக் குத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டு பேருமாக இருந்து அடித்தார்கள். இம்முறை கடிதத்தின் தலையிலேயே மூன்று கோரிக்கையும் தடித்த எழுத்தில் வந்தன. கீழே கையெழுத்துக்கு இடம். நேரம் மிச்சம் பிடிக்க ஜெஸீமாவே தன் கொப்பியைப் பார்த்து நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் வரிசையாகச் சொன்னாள், துஷாந்தினி அடித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளிக் கோடு. பார்க்க வடிவாக இருந்தது. குழு மனு ஏற்பது வியாழக்கிழமையோடு முடிகிறது, அதற்குள் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஐந்து நாள் இருந்தது.

சத்தியக் கடதாசியில் ஒப்பம் வைக்க அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி நடராசா என்ற சமாதான நீதவான் இருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"உண்மையிலையே வெறுந்தாளிலையோ வாங்கினனீங்கள், பிள்ளை?"

"ஓம்."

"சனம் தந்ததோ?"

"என்னை நம்பித் தந்தவை."

 அவர் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

ஞாயிறு காலை, முதல் வீடாக மர்ளியா வீட்டுக்குத்தான் போனாள். இரண்டாவது கையெழுத்து விழுந்தால் மற்றவை தானாக வரும் என்று நினைத்தாள். றிபாய் முற்றத்தில் பழைய செப்புக் கம்பி பிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னாலேயே, மறைக்காமல், சத்தியக் கடதாசியை மர்ளியாவிடம் கொடுத்து உரத்து விசயத்தைச் சொன்னாள். உங்கள் பெண்சாதி அந்தக் கடிதத்துக்குக் கையெழுத்து வைக்கவில்லை, அது அவளுடைய கருத்தே இல்லை, அதை வைத்துக்கொண்டு பிள்ளையின் கலியாணத்தை முடிக்க வேண்டாம் என்றாள். 

றிபாய் கம்பியைக் கீழே வைத்தான்.

"நானா ஒண்டு சொல்லுறார், தங்கச்சி ஒண்டு சொல்லுறா. இதிலை பொய் சொன்னது ஆர்?"

"ரெண்டு பேரும்தான். அவர் கொழும்புக்குச் சொன்னார். நான் இவளுக்கு, தாள் என்னோடை பத்திரமா இருக்கும் எண்டு சொன்னன்."

அவன் ஏதோ முணுமுணுத்தபடி கம்பியைத் திரும்ப எடுத்தான். கலியாணத்தை நிற்பாட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை, நடத்துகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இருந்த முந்திரிகைப்பழச் சந்தோசம் அவன் முகத்தில் இல்லை. அதைப் பார்த்து ஜெஸீமாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மர்ளியாவை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் புதிய கடிதத்தை நீட்டினாள்.

மர்ளியா கதிரையில் இருந்து முதல் வரியிலிருந்து வாசித்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து வாசித்தாள். பதினெட்டு வயது என்ற இடத்தில் விரல் சற்று நின்றது. உள் அறையில் ஹஸ்னா பாடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மர்ளியா பக்கத்தைத் திருப்பினாள், பெயர்களைப் பார்த்தாள், இரண்டாவது வரியில் தன்னுடைய பெயரைக் கண்டாள்.

"எல்லாம் சரி ராத்தா. இதிலை ஒரு பிழையும் இல்லை."

"அப்ப வை மர்ளியா."

"ஆரைக் கேட்டு என்ரை பேரை அடிச்சனீங்க?"

ஜெஸீமாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், நேரம் போதாது, வியாழக்கிழமைக்குள் போக வேண்டும், நீ எப்படியும் வைப்பாய் என்று நினைத்தேன் என்று ஏதேதோ சொல்ல வாயெடுத்தாள். இதே மாதிரியான நியாயங்களைத்தான் வெள்ளிக்கிழமை நானாவின் முன் அறையில் கேட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நல்லதுக்குத்தான், எல்லாருக்குமாகத்தான், நேரம் இல்லாதபடியால்தான். அவரும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்.

மர்ளியா கோபப்படவில்லை. பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல மெதுவாகச் சொன்னாள்.

"என்ரை கலியாணத்திலை வாப்பா என்னைக் கேக்காமல் வைச்சார். அவரை நான் மன்னிச்சிட்டன். அவருக்கு வேறை ஒண்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியும் ராத்தா. தெரிஞ்சுகொண்டுதான் ரெண்டு தரமும் கேக்காமல் விட்டனீங்க, தாளைக் குடுக்கேக்கையும், இப்ப பேரை அடிக்கேக்கையும்."

பேனாவை வாங்கினாள். இரண்டாவது வரியில், தன்னுடைய பெயரின் மேல், தாள் கிழிந்துவிடாதபடி கவனமாக ஒரு கோடு போட்டாள். கோடு கொஞ்சமும் கோணவில்லை. பிறகு தாளை மடித்து, பேனாவையும் சேர்த்து ஜெஸீமாவின் கையில் வைத்தாள். ஹஸ்னாவின் விசயத்தை நானே றிபாயோடு கதைத்துக்கொள்கிறேன், நீங்கள் இனி அதற்குள் வர வேண்டாம் என்றாள்.

ஜெஸீமா எழுந்தாள். றிபாயைக் கடந்து, செப்புக் கம்பிக் குவியலைச் சுற்றி வாசல் படலைக்கு வந்தாள். நானா காட்டிக்கொடுத்தார் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்தப் படலையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.